மழைக்காலத்தில் பச்சையான நீச்சல் குளம்: காலி செய்யலாமா?

கேள்வி: எங்கள் ஊர் நாட்டரசன்கோட்டை. வீட்டின் பின்கட்டை ஒட்டிய தோட்டத்தில் என் மகன் நீச்சல் குளம் கட்டியிருக்கிறான். 30 அடி நீளம், 13 அடி அகலம். ஆழம் ஒரு பக்கம் 4 அடி, மறுபக்கம் 5 அடி. சுற்றிலும் ஆத்தங்குடி கல் பதித்திருக்கிறோம். மே மாதம் பேரப்பிள்ளைகள் வந்து போனதிலிருந்து வாரம் மூன்று டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரை மிதவையில் போட்டு வருகிறோம். ஐப்பசி மழைக்குப் பிறகு தண்ணீர் பச்சையாகிவிட்டது. சோதனைத் தாளில் குளோரின் 3, பிஎச் 6.8, ஆல்கலினிட்டி 50 என்று காட்டுகிறது. ஸ்டெபிலைசர் கட்டம் கடைசி நிறத்துக்குப் போய்விட்டது. மாத்திரையைக் கூட்டியும் தெளியவில்லை. குளிர்காலத்தில் யார் இறங்கப் போகிறார்கள், காலி செய்துவிட்டுத் தை பிறந்ததும் நிரப்பலாம் என்கிறார் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். வெளிநாட்டில் செய்வதுபோல் மருந்தைப் போட்டுத் தார்ப்பாயால் மூடி மோட்டாரை நிறுத்திவிடுங்கள் என்கிறான் மகன். தைப் பொங்கலை அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் செவ்வாய்ப் பொங்கல், அதற்குப் பிள்ளைகள் வருகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் மெஷின் வைத்தால் இந்தத் தொல்லை தீருமா?
– ஒரு வாசகி, நாட்டரசன்கோட்டை

பதில்:

ஆச்சி, குளத்தைக் காலி செய்ய வேண்டாம். மோட்டாரை நிறுத்தவும் வேண்டாம். மற்றதை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். தோட்டக்காரர் வால்வைத் திறப்பதற்கு முன்னால் இது மட்டும் அவர் காதுக்குப் போய்விட வேண்டும்.

காலி செய்வதில் என்ன ஆபத்து என்கிறீர்களா? ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊருணி நிறைந்து தோட்டத்து மண்ணும் ஊறிப்போயிருக்கும். செம்புறாங்கல் பூமியில் பெய்த மழை சில இடங்களில் சீக்கிரம் கீழே இறங்கிவிடும். சில இடங்களில் பாறைக்கு மேலேயே தேங்கி நிற்கும். உங்கள் தோட்டம் எந்த வகை என்று தோண்டிப் பார்க்காமல் சொல்ல முடியாது. குளம் நிறைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் கனம், வெளியே மண்ணில் ஊறிய தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்கிறது. உள்ளே காலியானால் அந்த அழுத்தம் அடித்தளத்தைக் கீழிருந்து மேலே தள்ளும். தரை விரிசல் விடும், டைல் கழன்று வரும், குளத்தின் தொட்டியே மேலே கிளம்பிய சம்பவங்களும் உண்டு. அழுத்தத்தை வெளியேற்ற அடியில் ஒரு வால்வு வைத்துக் கட்டுவார்கள். நம் பக்கத்து வீட்டுக் குளங்கள் பலவற்றில் அது இல்லை. இருக்கிற இடத்திலும் மண் அடைத்துக்கொண்டால் வேலை செய்யாது. எப்போதாவது முழுக்கக் காலி செய்தே ஆக வேண்டும் என்றால் நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் கோடையில், கட்டியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அதோடு காலிக் குளம் காலியாகவே இருக்காது. அடுத்த மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். குளோரின் இல்லாத அந்தத் தண்ணீரில் கொசு முட்டையிட்டுப் பத்து நாளுக்குள் பறக்க ஆரம்பித்துவிடும். டெங்கு பரவுகிற பருவமும் இதுதான்.

உங்கள் மகன் சொல்வது குளிர் நாட்டுக்கு முழுக்கச் சரியான யோசனை. அங்கே குளத்துத் தண்ணீர் உறைகிற நிலைக்குப் போகிறது. குழாயில் தண்ணீர் நின்றால் பனிக்கட்டியாகி வெடித்துவிடும் என்பதால் அதை வடித்து, மருந்து போட்டு, மேலே மூடிவிடுகிறார்கள். அந்தக் குளிரில் பாசியும் வளராது. நம்மூரில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்குகிறது. பகலில் 30-ஐத் தொடுகிறது. குளத்துத் தண்ணீர் 25 டிகிரி சுற்றிலேயே நிற்கும். நமக்கு இறங்கச் சில்லென்று இருக்கும், பாசிக்கு அது சுகமான சூடு. தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போனால்தான் பாசி அடங்கும், செட்டிநாட்டில் அந்த நாள் வரப்போவதில்லை. ஆகவே நம் குளிர்காலத்தில் மருந்தைக் குறைக்கலாம், மோட்டார் நேரத்தைக் குறைக்கலாம், இரண்டில் எதையும் நிறுத்த முடியாது.

தார்ப்பாயும் வேண்டாம். அதன் மேல் மழைத்தண்ணீர் பள்ளம் பள்ளமாகத் தேங்கும். சுத்தமான தேங்கிய தண்ணீர்தான் டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடம். அதைவிடப் பெரிய பயம் குழந்தைகள். தார்ப்பாய் மேல் கால் வைத்த குழந்தை அதோடு சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விடும், மேலே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியவும் தெரியாது. இலை விழுவதுதான் தொல்லை என்றால் இழுத்துக் கட்டுகிற வலை போதும்.

சரி, பச்சைக்கு வருவோம். தாளில் குளோரின் 3 இருக்கிறது, ஆனாலும் பாசி பிடிக்கிறது. இதுதான் உங்களைக் குழப்பியிருக்கும். காரணம் ஸ்டெபிலைசர் என்ற அந்தக் கடைசிக் கட்டம்.

டிசிசிஏ மாத்திரை கரையும்போது குளோரினோடு சயனூரிக் ஆசிட் என்ற பொருளும் தண்ணீரில் சேர்கிறது. கடைக்காரர் ஸ்டெபிலைசர் என்று சொல்வது அதைத்தான். அது கொஞ்சம் இருப்பது நல்லது. அது துளியும் இல்லாத குளத்தில் உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும். சயனூரிக் 30 முதல் 50 பிபிஎம் வரை (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் 1 பிபிஎம்) இருந்தால் குளோரினைப் பிடித்துவைத்து வெயிலிலிருந்து காப்பாற்றும். அளவு ஏறிக்கொண்டே போனால் அந்தப் பிடி இறுகிவிடுகிறது. உங்கள் குளத்தில் இருக்கும் குளோரின், முதிர்வு தேதி வராத வைப்புத் தொகை மாதிரி: கணக்கில் காட்டுகிறது, செலவுக்கு வராது. தாள் அந்த மொத்தக் கணக்கைத்தான் காட்டுகிறது.

எவ்வளவு ஏறியிருக்கும் என்று போட்டுப் பார்ப்போம். நீங்கள் தந்த அளவுப்படி குளத்தில் சுமார் 50,000 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. 200 கிராம் மாத்திரை ஒன்று கரைந்தால் இவ்வளவு தண்ணீரில் குளோரின் 3.6 பிபிஎம் ஏறும், சயனூரிக் 2 பிபிஎம்முக்குக் கொஞ்சம் மேலே ஏறும். குளோரின் வெயிலிலும் பாசியிலும் செலவாகிவிடும். சயனூரிக் எங்கும் போகாது. ஆவியாகாது, ஃபில்டரில் நிற்காது. வாரம் மூன்று மாத்திரை, ஜூன் முதல் நவம்பர் வரை என்றால் 160-ஐத் தாண்டிவிடும். ஃபில்டரைப் பின்னோக்கித் தண்ணீர் விட்டுக் கழுவும் பேக்வாஷில் வெளியேறியதும் மழையில் வழிந்ததும் கொஞ்சம் குறைத்திருக்கும். 120 என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பாது. அவ்வளவு சயனூரிக் இருக்கும் தண்ணீரில் 3 பிபிஎம் குளோரின் எந்த மூலைக்கு? 9 இருந்தால்தான் பாசியைத் தடுக்கவே முடியும். நீங்கள் மாத்திரையைக் கூட்டினீர்கள், அதோடு சயனூரிக்கும் கூடிவிட்டது. மாத்திரை போட்டால் தெளியும் என்றுதான் விற்கிறவரும் சொல்லியிருப்பார். உங்கள் பேரில் குற்றம் இல்லை.

பிஎச் 6.8-க்கு இறங்கியதற்கு மழைநீரின் அமிலத்தன்மைதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். மழைநீர் லேசான அமிலம்தான். ஆனால் அதில் உப்பும் தாதுவும் கிட்டத்தட்ட இல்லாததால் குளத்து பிஎச்சைத் தானாக அசைக்கிற வலு அதற்குக் கிடையாது. ஒரே நாளில் 10 செ.மீ. மழை கொட்டினாலும் உங்கள் குளத்தில் நேராக விழுவது சுமார் 3,600 லிட்டர், அதாவது மொத்தத்தில் 7 சதவீதம். உண்மையில் நடந்தது வேறு. டிசிசிஏ மாத்திரையே அமிலம். கோடையில் ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகப் போர் தண்ணீர் விடுவீர்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் கடினத்தன்மையும், அமிலத்தைச் சமாளிக்கும் சத்தான ஆல்கலினிட்டியும் தாராளம். மாத்திரையின் அமிலத்தை அது ஓசையில்லாமல் சரிக்கட்டி வந்தது. ஐப்பசியில் மழையே குளத்தை நிரப்பியதால் போர் குழாயைத் திறக்க வேலையில்லை. மாத்திரை மட்டும் நிற்கவில்லை. ஈடுகட்ட ஆள் இல்லாமல் ஆல்கலினிட்டி 50-க்கு வந்துவிட்டது, பிஎச்சும் கூடவே இறங்கிவிட்டது. நம் குளிர்காலத்தில் குளத்துக்கு நேர்கிற பெரிய மாற்றம், வெப்பநிலையை விடவும், உள்ளே வரும் தண்ணீர் மாறுவதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

இந்த மழையே உங்களுக்குக் கைகொடுக்கவும் செய்யும். சயனூரிக்கைக் குறைக்கத் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. அதற்கு மருந்து என்று எதையாவது நீட்டினால் வாங்காதீர்கள். மாற்றுவதற்கு இதைவிட நல்ல காலமும் இல்லை. கோடையில் 15,000 லிட்டர் வெளியே விட்டால் நிரப்பப் போர் திணறும், விட மனசும் வராது. இப்போது வானமே தருகிறது.

முதலில் மாத்திரை மிதவையை வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு சயனூரிக்கைச் சரியாக அளங்கள். சோதனைத் தாள் 100-க்கு மேல் எதையும் சொல்லாது. தண்ணீரில் மருந்து கலந்து, அடியில் கரும்புள்ளி இருக்கும் குழாயில் புள்ளி மறையும் வரை ஊற்றிப் பார்க்கிற கிட் வாங்குங்கள். குளத்துத் தண்ணீரோடு சரிபாதி, குடிக்க வாங்கும் கேன் தண்ணீர் கலந்து சோதித்து, வருகிற எண்ணை இரண்டால் பெருக்கினால் 100-க்கு மேலே உள்ளதும் தெரிந்துவிடும்.

120 வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை அடி தண்ணீரை வெளியேற்றுங்கள், அது மூன்றில் ஒரு பங்கு. நிரப்பினால் 80-க்கு வரும். ஒரு நாள் மோட்டார் ஓட்டிக் கலக்கவிட்டு, மறுபடி ஒன்றரை அடி எடுத்து நிரப்பினால் 53. அது போதும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்து மூன்று அடி இறக்க வேண்டாம், மேலே சொன்ன மண் அழுத்தம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. கனமழை பெய்கிற நாளில் இதைத் தொடங்கவும் வேண்டாம். இரண்டு நாள் வெயில் பார்த்துச் செய்யுங்கள்.

நிரப்பும்போது பாதி போர் தண்ணீர், பாதி மழைநீர் என்று கலந்து விட முடிந்தால் அருமை. வளவு முற்றத்தில் விழும் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துவைக்கும் ஏற்பாடு உங்கள் வீட்டில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா? இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். முதல் மழையின் தண்ணீர் வேண்டாம், ஓட்டின் மேல் உள்ள பாசியும் மயில் எச்சமும் அதில்தான் வரும். கூரை கழுவி முடிந்த பிறகு பிடித்த தண்ணீர் நல்லது. வெறும் மழைநீராகவே நிரப்புவதும் சரியில்லை. சுண்ணாம்புச் சத்து இல்லாத தண்ணீர், டைலுக்கு இடையில் உள்ள சிமென்ட் பூச்சிலிருந்து அதை உறிஞ்சிக்கொள்ளும். போர் தண்ணீரில் கடினத்தன்மை 600 என்றால், பாதிக்குப் பாதி கலந்தால் 300 வரும். குளத்துக்கு 200 முதல் 400 வரை இருக்கலாம். போர் தண்ணீர் விட்ட பிறகு, குளோரின் போட்டதும் பழுப்பு நிறம் அடித்தால் பயப்படாதீர்கள், அது இரும்புச்சத்து. ஃபில்டரை இரவு பகலாக ஓட்டினால் அடங்கும்.

இப்போது பிஎச்சும் ஆல்கலினிட்டியும் பாருங்கள். போர் தண்ணீர் கலந்ததால் ஆல்கலினிட்டி தானாகவே 80-க்கு மேல் வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வராவிட்டால் மட்டும் ஆப்பச் சோடா போடுங்கள். உங்கள் குளத்துக்கு 850 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும். வாளித் தண்ணீரில் கரைத்துப் பரவலாக ஊற்ற வேண்டும். சலவைச் சோடா வேண்டாம், அது பிஎச்சைச் சட்டென்று தூக்கிவிடும். பிஎச் 7.2-க்கும் 7.4-க்கும் நடுவில் நின்றால் பாசியை ஒழிக்க இறங்கலாம். பிஎச் முக்கியம் ஆச்சி. ஸ்டெபிலைசர் இல்லாத வெறும் தண்ணீரில், கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும் குளோரின் 7.5 பிஎச்சில் ஏறக்குறைய பாதி. 8-க்குப் போனால் அது கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

பாசியை ஒழிக்க மாத்திரையும் வேண்டாம், பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். பவுடரில் குளோரின் மூன்றில் ஒரு பங்குதான், மீதி சுண்ணாம்பு வண்டல், அது அடியில் படியும். லிக்விட் குளோரின் என்று கேனில் விற்கிற சோடியம் ஹைப்போ வாங்குங்கள். 10 சதவீதம் உள்ளது என்றால் உங்கள் குளத்தில் அரை லிட்டர் ஊற்றினால் 1 பிபிஎம் ஏறும். இது நாள்பட்டால் வீரியம் இழக்கும், அதனால் புதிதாக வந்த கேனைக் கேட்டு வாங்கி நிழலில் வையுங்கள். பொழுது சாய்ந்ததும் 8 முதல் 10 லிட்டர் ஊற்றிக் குளோரினை 20 பிபிஎம் அளவுக்கு ஏற்றுங்கள். மோட்டார் இரவு முழுக்க ஓடட்டும். சுவர், படிக்கட்டின் இடுக்கு, ஏணியின் பின்புறம் எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்க்காமல் ஊற்றுகிற குளோரின் பாசியின் மேல்தோலை மட்டும் வெளுக்கும்.

மறுநாள் காலை அளந்து, குறைந்ததை ஈடுகட்டி மறுபடி 20-க்குக் கொண்டுவாருங்கள். காலையும் மாலையும் இப்படியே. இரண்டு, மூன்று நாளில் பச்சை போய்ச் சாம்பல் வெள்ளையாகும். அது செத்த பாசி. அதை எடுப்பது ஃபில்டரின் வேலை. அழுத்தக் கடிகையில் சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறியதும் பேக்வாஷ் செய்யுங்கள், இந்த நாட்களில் அது அடிக்கடி வரும். அவசரம் என்றால் படிகாரம் கரைத்து விட்டு மோட்டாரை ஓர் இரவு நிறுத்தினால் எல்லாம் அடியில் படியும். அதை ஃபில்டர் வழியாக விடாமல் நேராக வெளியே உறிஞ்சி எடுக்க வேண்டும். படிகாரம் ஆல்கலினிட்டியைத் தின்னும், பிறகு அளந்து சரிசெய்யுங்கள்.

எப்போது முடிந்தது என்று கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். இருட்டிய பிறகு குளோரின் அளந்து எழுதுங்கள், விடிவதற்குள் மறுபடி அளங்கள். வெயில் இல்லாத அந்த இடைவெளியில் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் உள்ளே இன்னும் பாசி உயிரோடு இருக்கிறது. குறையவில்லை, தண்ணீரும் தெளிந்திருக்கிறது என்றால் வேலை முடிந்தது. அளக்கும்போது ஒன்று: குளோரின் மிக அதிகமாக இருந்தால் மருந்து கலந்து நிறம் பார்த்துக் குளோரின் அளக்கும் டிபிடி சோதனையில் வருகிற ரோஸ் நிறம் வந்த வேகத்தில் வெளுத்துவிடும். பூஜ்யம் என்று நினைத்து இன்னும் ஊற்றிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் கேன் தண்ணீர் கலந்து அளங்கள்.

மயில்துத்தம் போட்டால் ஒரே நாளில் தெளியும் என்று யாராவது சொல்வார்கள். பாசி சாகும் என்பது மெய்தான். ஆனால் செம்பு குளத்திலேயே தங்கி வெள்ளை டைலில் நீலக்கறை விடும், பேத்திகளின் தலைமுடியிலும் பச்சை ஏறும். அதை வெளியேற்றவும் தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். வேண்டாம்.

தெளிந்த பிறகு மாசி வரைக்குமான பராமரிப்பு எளிதுதான். மோட்டார் கோடையில் எட்டு மணி நேரம் ஓடுகிறது என்றால் இப்போது நாலு, ஐந்து மணி நேரம் போதும். மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் பம்ப் என்றால் ஐந்து மணி நேரத்தில் குளத்துத் தண்ணீர் முழுக்க ஒருமுறை ஃபில்டரைச் சுற்றி வந்துவிடும். குளோரின் 4 பிபிஎம் சுற்றி நிற்கட்டும். வெயில் குறைவு, இறங்குபவர் இல்லை என்பதால் ஒரு நாளைக்கு 1, 1.5 பிபிஎம்தான் செலவாகும். மாலையில் அரை முதல் முக்கால் லிட்டர் ஹைப்போ ஊற்றி ஒரு மணி நேரம் மோட்டாரை ஓட்டினால் போதும். மூட்டமான நாட்களில் அதுவும் குறையும், அளந்து பார்த்து ஊற்றச் சொல்லுங்கள். ஹைப்போவும் போர் தண்ணீரும் சேர்ந்தால் பிஎச் மெல்ல ஏறப் பார்க்கும். 7.8-ஐத் தாண்டினால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அரை லிட்டர், அதற்கு மேல் ஒரேயடியாக வேண்டாம். மறுநாள் அளந்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

கனமழை பெய்த மறுநாள் காலை தவறாமல் அளக்க வேண்டும். நேராக விழும் மழையை விடவும் தோட்டத்திலிருந்து வழிந்து வரும் செம்மண் தண்ணீர்தான் கெடுதல். அதில் எருவும் இலைச்சாறும் பாசிக்குத் தீனியாக வரும். குளத்தைச் சுற்றிய தளம் குளத்துப் பக்கம் சரிந்திருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு சிறு வரப்பு கட்டுங்கள். இந்த ஆண்டு நீங்கள் செலவழிக்கிற பணத்தில் மிகவும் பயன்படுகிற பணம் அதுவாகத்தான் இருக்கும். வேப்பிலையும் புங்க இலையும் அடியில் கிடந்து ஊறினால் பழுப்புக் கறை விடும், தினமும் வலையில் அள்ளிவிட வேண்டும். அளந்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். கணக்கெழுதும் அருமையை உங்கள் வீட்டுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளோரின், பிஎச் வாரம் இரண்டு முறை, ஆல்கலினிட்டி மாதம் ஒரு முறை, சயனூரிக் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் நீங்களே நேரில் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. ஆசிட்டும் ஹைப்போவும் ஒன்றோடொன்று கலந்தால் குளோரின் வாயு வரும், மூச்சு நின்றுவிடும். ஒரே வாளி, ஒரே குவளை இரண்டுக்கும் கூடாது. மீந்த டிசிசிஏ மாத்திரை இருக்கும் டப்பாவில் பிளீச்சிங் பவுடரோ வேறு குளோரின் தூளோ விழுந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். ஆசிட்டை எப்போதும் தண்ணீரில் ஊற்ற வேண்டும், ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள், அவர் வேண்டாம் என்றாலும் விடாதீர்கள். இவற்றை இரண்டாம் கட்டு அறையில் பூட்டி வைக்காதீர்கள். ஆசிட் ஆவி பித்தளைப் பூட்டையும் இரும்புக் கம்பியையும் தின்றுவிடும், சுண்ணாம்புப் பூச்சையும் விடாது. காற்றோட்டமான தனிக் கொட்டகையில், ஆசிட் ஒரு மூலை, குளோரின் எதிர் மூலை. ஆத்தங்குடி கல்லும் சிமென்ட்தானே, ஆசிட் ஒரு சொட்டு பட்டால் மெருகும் நிறமும் போய்விடும். குளத்தின் கரையில் ஆசிட் கேனை வைத்துத் திறக்கவே கூடாது. சிந்திவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

வெளியேற்றும் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் நீங்கள் ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். வடிகால் வழியாக அது ஊருணிக்குப் போய்ச் சேரக் கூடாது. ஊர் பொதுத் தண்ணீர் அது, மீனும் இருக்கும். நீங்கள் தண்ணீரை மாற்றப்போவது குளோரின் 20-க்கு ஏற்றும் முன்னால் என்பதால், மிதவையை எடுத்துவிட்டுக் குளோரின் பூஜ்யத்துக்கு இறங்கும் வரை சில நாள் காத்திருங்கள். பிறகு தோட்டத்து ஓரத்தில் பரவலாக விட்டால் மண் வாங்கிக்கொள்ளும். பாசி ஒழிக்கும் நாட்களில் வருகிற பேக்வாஷ் தண்ணீரைத் தனிக் குழியில் தேக்கி வெயில் காயவிடுங்கள்.

பேரப்பிள்ளைகள் இறங்குவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். ஆழமான பக்கத்தில் அடியில் உள்ள வடிகால் மூடி கரையில் நின்று பார்த்தால் துல்லியமாகத் தெரிய வேண்டும். கலங்கிய தண்ணீரில் மூழ்கிய குழந்தையை அடுத்து நிற்பவரால்கூடப் பார்க்க முடியாது. குளோரின் 5-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், ஆனால் 3-க்குக் குறையக் கூடாது. பிஎச் 7.2-இலிருந்து 7.8-க்குள் இருக்க வேண்டும். கேரளத்தில் 2024-இலும் 2025-இலும் அமீபா மூளைக்காய்ச்சல் பற்றி வந்த செய்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வளர்வது, மூக்கின் வழியாக மூளைக்கு ஏறுவது. விடாமல் குளோரின் இருக்கும் குளத்தில் அதற்குப் பிழைப்பு இல்லை. ஒரு வாரம் மருந்தில்லாமல் கிடந்த தண்ணீரில், பண்டிகைக்கு வந்த பிள்ளைகள் தலைகீழாகக் குதிப்பதுதான் எனக்குப் பயம். தேதி நெருக்கத்தில் தண்ணீர் தயாராகவில்லை என்றால் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டைப் பூட்டிவிடுங்கள்.

கடைசியாக உப்பு மெஷின். உப்புத் தண்ணீரில் மின்சாரம் செலுத்திக் குளோரின் எடுப்பது நம் பக்கத்துக்கு அந்நியமான வித்தை அல்ல. 1948-இல் காரைக்குடியில் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்தத் துறைக்கானதுதான். நல்ல கருவி, மாத்திரையும் கேனும் தூக்குகிற வேலை மிச்சம், சயனூரிக்கும் ஏறாது. குளிர் நாட்டில் தண்ணீர் ரொம்பச் சில்லிட்டால் மெஷின் நின்றுவிடும், நமக்கு அந்தக் கவலையும் இல்லை. ஆனால் உங்கள் குளத்துக்கு 160 கிலோ உப்பு வேண்டும். மழையில் வழியும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பங்கு போய்விடும். கடின நீரில் தகட்டில் சுண்ணாம்பு படியும், பிஎச் இன்னும் வேகமாக ஏறும், பேக்வாஷ் தண்ணீரை மரம் செடிக்கு விட முடியாது. இந்தத் தையில் அவசரப்பட வேண்டாம். வரப்பு கட்டி, தண்ணீரை மாற்றி, ஹைப்போவிலேயே இந்த வருஷத்தை ஓட்டுங்கள். பங்குனியில் சயனூரிக், கடினத்தன்மை இரண்டின் எண்களையும் போர் தண்ணீரின் சோதனைத் தாளையும் எனக்கு அனுப்புங்கள், எந்த அளவு மெஷின் பொருந்தும் என்று அப்போது சொல்கிறேன்.